மீசான் கல்லும் பொதிகை மலையும்

நம் ஊர் மையவாடிகளுக்குள் சென்று வருவோர் மீசான் கற்களைக் காணாதிருக்க இயலாது. மறைந்தவர் பெயரும், தந்தையார் பெயரும், ஹிஜ்ரி ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். காயல்பட்டினம் போன்ற பழம்பதிகளில் இத்தகைய கல்லெழுத்துகளைப் படித்து வரலாறு திரட்டிய அறிஞர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லின்மேல் மனிதன் வெட்டிய எழுத்து ஒன்று. அக்கல் தன்னுள்ளே தாங்கியிருக்கும் எழுத்து மற்றொன்று. முன்னது சில நூறு ஆண்டுகளுக்கு உரியது; பின்னது பல கோடி ஆண்டுகளுக்கு உரியது. இந்த இரண்டாம் எழுத்தை மனிதன் படிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அது நம் திருநெல்வேலிச் சீமையைப் பற்றிக் கூறும் செய்தியையும் இக்கட்டுரையில் காண்போம்.

வியப்பு என்னவெனில், அந்த வரலாற்றின் முதல் ஏடுகளுள் ஒன்றும் ஒரு கல்லறைக் கல்லே! கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜாப் சார்னாக் 1693 சனவரியில் கல்கத்தாவில் இறந்தார். அந்நகரைத் தோற்றுவித்தவர் என்று நெடுங்காலம் அவரைக் கூறிவந்தனர்; அது சரியன்று என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நமக்கு வேண்டியது அவர் பெருமையன்று. அவர் கல்லறைமீது இலத்தீன் மொழி எழுத்துகளோடு கிடக்கும் கரிய பலகைக் கல்லே. கல்கத்தா வண்டல் மண்ணின்மேல் அமைந்த நகரம். அங்கே தோண்டினால் சேறும் மணலும் வருமேயன்றிப் பாறை வாராது. அவ்வாறாயின் இக்கல் எங்கிருந்து வந்தது?

இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பார் இவ்வினாவை எழுப்பினார். எழுத்தை விடுத்துக் கல்லையே படித்தார். 1893 ஆம் ஆண்டில், அதாவது சார்னாக் இறந்து சரியாக இருநூறாண்டுகள் கழிந்தபின், அக்கல்லைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அக்கல் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையோடு ஒத்திருந்தது. அதுவரை தனிப்பெயர் பெறாத அப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே இட்டு, சார்னோகைட்டு என்றார். 1900 ஆம் ஆண்டில் இப்பாறை இனத்தைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் எழுதினார். இவ்வாறாகத் தமிழகத்துக் கல் ஒன்று, வங்கத்தில் கிடந்த ஒரு கல்லறையின் வாயிலாக, உலகப் புவியியலில் நிலைத்த பெயரைப் பெற்றது. இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பல்லாவரத்துக்கும் பொருநைக் கரைக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. சார்னோகைட்டு இனப் பாறைகள் சென்னையில் தொடங்கி, நீலகிரி, கொல்லிமலை முதலிய மலைகளில் விரவி, தெற்கே பொதிகையையும் நாகர்கோவில் மலைகளையும் உள்ளடக்கிப் பரந்துள்ளன. பூட் அவர்களே மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவியியலை ஆய்ந்து 1883 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொதிகையின் பாறைகளில் சார்னோகைட்டு மட்டுமன்றி, கரியதும் வெளியதுமான வரிகள் மாறிமாறி ஓடும் நைஸ் பாறையும், செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்த கோண்டலைட்டும் உள்ளன. ஒரிசாவின் கோண்டு பழங்குடியினர் பெயரால் 1902 இல் வாக்கர் என்பார் இட்ட பெயர் கோண்டலைட்டு. பத்தமடைப் பாயை மடித்துச் சுருட்டி வைத்தாற்போல் நைஸ் பாறையின் வரிகள் வளைந்து நெளிந்திருப்பதை மலையடிவாரங்களில் எவரும் காணலாம். கல்லானது அவ்வாறு நெளிய வேண்டுமாயின், அது ஒரு காலத்தில் பாய்போல் வளையத்தக்க சூட்டில் இருந்திருக்க வேண்டும் அன்றோ?

இன்னொரு சான்று தாழையூத்தில் உள்ளது. அங்கே 1949 முதல் சிமெண்டு ஆக்கப்பட்டு வருவதற்குக் காரணம், அப்பகுதியின் சுண்ணாம்புக்கல். சாதாரணச் சுண்ணாம்புக்கல் அன்று அது. சர்க்கரைக் கட்டியைப்போல் பளபளக்கும் மணிகளால் ஆனது. கடலடியில் படிந்த சுண்ணச் சேறு, ஆழத்திற்குச் சென்று வெந்து, உருமாறிப் பின் மேலே வந்ததன் விளைவே அது. நெல்லை மாவட்டத்தில் சிமெண்டுச் சுவர் எழுப்பியவர் பலர், தாம் அறியாமலேயே ஒரு தொல்கடலின் அடித்தளத்தைத் தம் வீட்டுச் சுவராக்கியிருக்கின்றனர்!

இனி, கல் எவ்வாறு எழுதுகிறது என்பதைக் காண்போம். பனைத்தொழில் நடக்கும் உடன்குடிப் பக்கத்தில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பதநீர் சூடேறும்போது நீர் ஆவியாகிறது, பாகு ஆகிறது, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி ஆகிறது. காய்ச்சும்போது அருகில் இராதவரும், கருப்பட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தே அது எவ்வளவு காய்ந்தது என்று கூறிவிடுவர். பாறையும் அவ்வாறே. காக்காப்பொன் என்று நாம் கூறும் மைக்காவினுள் நீர் அடங்கியுள்ளது. கரிய காக்காப்பொன்னும் குவார்ட்சும் கலந்த பாறை 800 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டை அடையும்போது, அந்த நீர் பிரிகிறது. பாறையின் ஒரு பகுதி உருகுகிறது. எஞ்சிய இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம் பிறக்கிறது. சார்னோகைட்டின் அடையாளமே இந்த ஹைப்பர்ஸ்தீன்தான். அதைக் கண்டால், இப்பாறை காய்ச்சப்பட்ட பதம் இன்னதென்று கூறிவிடலாம்.

சூட்டுக்கு ஒரு சாட்சி இருப்பதுபோல் அழுத்தத்திற்கும் சாட்சி உண்டு. பஞ்சைத் தளர்வாகக் கிடத்தினால் ஓர் அறையை நிரப்பும். பொதியாக அமுக்கினால் ஒரு மூலையில் அடங்கும். பொருள் ஒன்றே, அடுக்கு வேறு. பாறையிலும் சுண்ணமும் அலுமினியமும் சிலிக்காவும் மேற்பரப்பருகே பெல்ஸ்பார் என்னும் தளர்ந்த அடுக்கில் அமைகின்றன. ஆழத்தின் அழுத்தத்தில் கார்னெட் என்னும் நெருங்கிய அடுக்கிற்கு மாறுகின்றன. ஒரு பாறையில் இவ்விரண்டும் அருகருகே இருக்குமாயின், ஒவ்வொன்றிலும் சுண்ணம் எவ்வளவு என அளந்து, அவை எந்த அழுத்தத்தில் ஒன்றாக வாழ்ந்தன எனக் கணக்கிடலாம். அவ்வாறே கார்னெட்டும் ஹைப்பர்ஸ்தீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொண்ட விகிதம் சூட்டைக் காட்டும்.

குறிப்பிட்ட சூட்டிலும் அழுத்தத்திலும் குறிப்பிட்ட கனிமக் கூட்டமே அமையும் என்னும் விதியை 1915 முதல் 1920 வரையிலான ஆண்டுகளில் வகுத்தவர் பின்லாந்து நாட்டு அறிஞர் எஸ்கோலா. ஆனால் மணலளவுள்ள ஒரு மணியின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே அளப்பதற்கு, பிரெஞ்சு அறிஞர் காஸ்டேங் 1951 இல் விளக்கிய மின்னணு நுண்ணாய்வுக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் தென்கோடி மலைகளின் பாறைகள் அளக்கப்பட்டன. சூடு 800 பாகைக்கு மேல். சில இடங்களில் 900 பாகையையும் கடந்தது. அழுத்தமோ பல இடங்களில் நம்மீதுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 6,000 மடங்கு! அத்தகைய அழுத்தம் 20 கி.மீ.க்கும் கீழேதான் அமையும்.

இந்த அளவு எத்தகையது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். மனிதன் இதுவரை மண்ணுக்குள் துளைத்த செங்குத்து ஆழத்தில் மிகப்பெரியது, உருசியாவின் கோலா தீபகற்பத்தில் 1970 இல் தொடங்கி 1989 இல் 12,262 மீட்டரை எட்டிய துளை. வல்லரசு ஒன்று இருபது ஆண்டளவு முயன்றும் 13 கி.மீ.யைத் தொட இயலவில்லை. அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆழத்தில் கிடந்த பாறையோ பாபநாசத்தில் நம் காலடியில் கிடக்கிறது. உயரத்திற்குப் பெயர் பெற்ற பொதிகை, உண்மையில் ஆழத்தின் மலை!

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. கீழே செல்லும்போது மாறிய கனிமங்கள், மேலே வரும்போது குளிர்ந்து பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டாவா? திரும்பியிருந்தால் எழுத்து அழிந்திருக்கும். திரும்பாமைக்குக் காரணம், நீர் போய்விட்டமையே. கனிமங்கள் ஒன்றோடொன்று வினைபுரிய நீர் வேண்டும். பிரிந்த நீரும் உருகிய பகுதியும் பாறையை விட்டு வெளியேறிவிட்டதால், எஞ்சியது வறண்டு உறைந்தது. எனினும் கார்னெட்டின் ஓரங்கள் சில இடங்களில் சிதைந்து, சுற்றிலும் மெல்லிய வளையமாக வேறு கனிமங்கள் தோன்றியுள்ளன. அழுத்தம் குறைந்து பாறை மேலெழுந்த காலத்தின் குறிப்பு அது. நடுவில் ஆழத்தின் செய்தி. ஓரத்தில் பயணத்தின் செய்தி. ஒரே மணியில் இரண்டும் உள.

ஆனால் கார்னெட் காலத்தை எளிதில் சொல்லாது. அதற்கு வேறு சாட்சி தேவை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அறிவித்தவர் யார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று துருவி ஆராய்ந்ததை நம் வாசகர்கள் அறிவர். பாறை நூலாரும் தம் சாட்சிகளை அவ்வாறே நிறுத்துப் பார்க்கின்றனர். மிகுந்த சூட்டில் கார்னெட்டின் நினைவு சற்றே கலங்கும். சிர்கானின் நினைவு எளிதில் கலங்காது. சிர்கான் மணி பிறக்கும்போது தன்னுள் சிறிது யுரேனியத்தை ஏற்கிறது, ஈயத்தை ஏற்பதில்லை. யுரேனியத்தின் முதன்மை வகை 447 கோடி ஆண்டுகளில் பாதியளவு ஈயமாக மாறும். ஆகவே ஈயத்தின் அளவு காலத்தின் அளவாகிறது. தென்கோடிப் பாறைகளின் சிர்கான்களில், நடுப்பகுதி 200 கோடி ஆண்டுகளை ஒட்டிய பழமையைக் காட்டுவதுண்டு. ஓரத்தில் வளர்ந்த உறை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளைக் காட்டுகிறது. முன்னது மூலப்பாறையின் பிறப்பு. பின்னது அது ஆழத்தில் வெந்த காலம். பல்லாவரத்துப் பாறை வெந்ததோ 250 கோடி ஆண்டுகளை ஒட்டி. தோற்றமும் பெயரும் ஒன்றாயினும் இவ்விரண்டின் வரலாறு வேறு. பெயரொற்றுமையைக் கொண்டு வரலாறு எழுதலாகாது என்பது இங்கும் பொருந்துகிறது.

நீர் எவ்வாறு வெளியேறியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. மைசூர்ப் பகுதியில் ஆய்ந்த சி.எஸ். பிச்சமுத்து அவர்கள், கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், வெளிறிய நைஸ் பாறையினூடே கரிய சார்னோகைட்டு திட்டுத்திட்டாகப் பிறந்திருப்பதைக் கண்டு 1960 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். மாற்றம் பாதியிலேயே நின்றுபோன காட்சி அது. பின்னர், நார்வே நாட்டுப் பாறைகளின் மணிகளுக்குள் கரியமில வாயு நுண்குமிழிகளாகச் சிறைப்பட்டிருப்பதை 1971 இல் தூரே என்பார் விளக்கினார். ஆழத்திலிருந்து எழுந்த அவ்வாயுவே நீரை விரட்டியது என்பர் ஒரு சாரார். உருகிய குழம்பே நீரைச் சுமந்து சென்றது என்பர் மற்றொரு சாரார். பொதிகைத் தொடரின் மேற்குப் புறத்தே கேரளத்துப் பொன்முடியிலும் கப்பல்துர்காவை ஒத்த காட்சி உண்டு. கப்பல்துர்காவில் இதைக் கண்டறிய உதவியது ஒரு கல்வெட்டும் குழி என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். அதற்கு மீண்டும் வருவோம்.

இத்தகைய பெருஞ்சூடு எதனால் விளைந்தது? 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல நிலத்தட்டுகள் மோதி இணைந்து, கோண்டுவானா எனப்படும் பெருங்கண்டம் உருவாயிற்று. அம்மோதலின் நடுவே அகப்பட்டது நம் நிலம். அதே காலத்தில் வெந்த இத்தகைய பாறைகள் இலங்கையின் நடுமலைகளிலும், மடகாஸ்கரிலும், கிழக்கு அண்டார்டிகாவிலும் உள்ளன. கிழிந்த ஓர் ஓலையின் துண்டுகளை வரி பார்த்துப் பொருத்துவதுபோல் இவற்றை அறிஞர்கள் பொருத்துகின்றனர்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர்க்கு இலெமூரியா நினைவுக்கு வரும். அச்சொல்லை 1864 இல் ஆக்கியவர் ஆங்கில விலங்கியலார் ஸ்கிளேட்டர். மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே விலங்கின ஒற்றுமை கண்டு, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். தமிழைப் பற்றி அவர் ஏதும் கூறவில்லை. பின்வந்தோர் நம் இலக்கியத்துக் கடல்கோள் மரபோடு அதை இணைத்துக்கொண்டனர். கல்லின் சாட்சி வேறு. நிலங்கள் ஒன்றாயிருந்தது உண்மை, ஆனால் இடையிலிருந்த கண்டம் மூழ்கவில்லை, நிலங்களே விலகின. மடகாஸ்கர் நம்மைப் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு. கடற்கரை ஊர்கள் அழிந்த நினைவு நம் இலக்கியத்தில் இருப்பின் அது தனியே ஆராயத்தக்கது; பாறையைப் பொய்ச்சாட்சியாக அழைத்து அதற்கு வலிமை சேர்க்க வேண்டியதில்லை. நம் மண்ணின் பெருமைக்கு உள்ளதே போதும்.

இனி, 20 கி.மீ. ஆழத்தில் இருந்தது மேலே வந்தது எப்படி? மேலிருந்த பாறையைக் காற்றும் மழையும் ஆறுகளும் சுரண்டிச் சென்றன. சுமை குறையக் குறையச் சரக்கிறக்கிய தோணிபோல் நிலம் மேலெழுந்தது. இக்கருத்தின் வித்தை நம் முன்னோரிடமே காணலாம். மலைகள் நில அதிர்வில் உயர்வதாலும், நீரும் காற்றும் சுற்றியுள்ள நிலத்தை அரிப்பதாலும் உண்டாகின்றன என இப்னு சீனா (980–1037) எழுதினார். அவர் காலத்தவரான அல்பிரூனி, இந்தியாவைப் பற்றி 1030 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், மலையருகே கற்கள் பெரியனவாகவும், தொலைவு செல்லச் செல்லச் சிறியனவாகவும், முகத்துவாரத்தருகே மணலாகவும் இருத்தலை எடுத்துக்காட்டி, இந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என முடிவுகட்டினார்.

அல்பிரூனி தாமிரபரணியைக் கண்டதில்லை. ஆயினும் அவர் கூறியதைப் பொருநை அடிக்கு அடி மெய்ப்பிக்கிறது. பாபநாசத்தில் ஆள் உயரப் பாறைகள். சேரன்மாதேவிப் பக்கம் கூழாங்கல். திருவைகுண்டத்திற்கு அப்பால் மணலும் வண்டலும். ஏறத்தாழ 125 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலருகே கடல். அக்கரையோர மணலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால் செம்புள்ளிகள் தெரியும். அவை கார்னெட், கூடவே கரிய இல்மனைட்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிர்கானும் உண்டு. ஆழத்தில் எழுதப்பட்ட ஏட்டின் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கரை சேர்ந்திருக்கின்றன.

ஈண்டு நம் கவலையைக் கூறாதிருக்க இயலவில்லை. கரையோர மணலைக் கனிமங்களுக்காக அள்ளியது பெரும் பிணக்காகி, 2013 ஆம் ஆண்டில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. ஆற்று மணல் அரிதாகிவிடவே, இன்று மலையையே அரைத்து மணலாக்குகிறோம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர் உயிரிழந்தனர். கல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வீடு வேண்டும்; பாலம் வேண்டும்; பள்ளிவாசலும் வேண்டும். கப்பல்துர்காவின் குழி இல்லையேல் பிச்சமுத்து அவர்கள் கண்டது வெளிப்பட்டிராது என்பதும் உண்மை. ஆனால் குழி திறந்த ஏட்டைப் படித்தபின் மூடுவதற்கும், படிக்காமலே அரைத்துவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. கல்லெழுத்துள்ள ஒரு மீசானை உடைத்துச் சாலைக்குப் போட்டால் நாம் பொறுப்போமா?

செய்யத்தக்கது பெரிதன்று. பரங்கிமலைச் சார்னோகைட்டு தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் போற்றப்படுகிறது. பொருநை நாட்டிலும் நல்ல பாறைமுகங்கள் சிலவற்றையேனும் அவ்வாறு காக்கலாம். வெட்டுமுன் ஆராயவும், வெட்டுவோரின் உயிரைக் காக்கவும் விதி செய்து, அவ்விதியை நடைமுறைப்படுத்தலாம். நம் கல்லூரி மாணவர்கள் ஊர்தோறும் உள்ள குன்றுகளின் கல்லைச் சேர்த்து, ஊர்ப்பெயரோடு குறித்து வைக்கலாம். ஆதிச்சநல்லூரின் தாழிகளைக் காத்திட வேண்டும் என்று உணர்ந்துவிட்ட நமக்கு, அத்தாழிகள் புதைந்த நிலத்தின் அடிப்பாறையும் ஓர் ஆவணமே என்று உணர்வது அரிதன்று.

அடுத்தமுறை மையவாடிக்குச் செல்லும்போது, மீசான் கல்லின்மேல் எழுதியதைப் படித்து, மறைந்தவர்க்காக துஆ செய்தபின், கல்லையும் சற்றே உற்று நோக்குவோம். அதில் கரிய மினுக்கும், சில வேளை செம்மணியும் தென்படும். மனிதன் வெட்டிய எழுத்து மழையில் மங்கிவிடும். அந்தச் செம்மணி 55 கோடி ஆண்டுகளாகத் தான் கண்டதை மறவாது வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் கண்ணும், படிக்குமுன் உடைத்துவிடாத பொறுமையும் நமக்கு வேண்டும்.